பட்டினிக்கு எதிரான வேலை: பட்டியலில் விடுபட்டவர்களிடமிருந்து தொடங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் நாலு பேர் சேர்ந்து அரிசி, பருப்பு வாங்கிக் கொடுக்கிறீர்கள், அல்லது வாரம் ஒருநாள் சமைத்துப் போடுகிறீர்கள், இல்லை இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. தமிழ்நாட்டை வைத்தே எழுதுகிறேன். இங்கே ரேஷன் எல்லோருக்கும் பொதுவானது, 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பள்ளியில் சத்துணவும் காலை உணவும் உண்டு. இவ்வளவு இருந்தும் யாராவது பசியோடு படுத்தால், பெரும்பாலும் உணவு இல்லாததால் அப்படி நடக்கவில்லை. உணவுக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது. அது என்னவென்று ஆளுக்கு ஆள் கண்டுபிடித்து விலக்குவதுதான் வேலை, மூட்டை இறக்குவது அதற்கு அப்புறம்.

புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வார்கள். முதல் நாளே விநியோகம், போட்டோ, நூறு பொட்டலம். அடுத்த மாதமும் அதே நூறு பேர் வருவார்கள், ஊர்க்கோடியில் இருப்பவர் அப்போதும் வரமாட்டார்.

1. இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய பணம் வேண்டாம். ஒரு நோட்டு, இணையம் வரும் போன், ஜெராக்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் சில்லறை, இருபது முப்பது வீட்டுக்கு இரண்டு வாரம் தாங்குகிற அரிசி பருப்பு, அவ்வளவுதான். ஆட்டோ காசை ஏன் சொல்கிறேன் என்றால், கூலிக்குப் போகிறவருக்குத் தாலுகா அலுவலகம் போவது ஒருநாள் கூலியும் பஸ் காசும் சேர்ந்த செலவு. அதை யார் ஏற்பது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், எல்லாத் தாளும் தயாராக இருந்தும் மனு போகாது.

இன்னொன்று கட்டாயம். நீங்கள் போகப்போகும் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவராவது முதல் நாளிலிருந்து குழுவில் இருக்க வேண்டும். இருளர் குடியிருப்பென்றால் இருளர் பெண் ஒருவர், திருநங்கைகள் என்றால் அவர்களில் ஒருவர். அவர் செலவிடும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். வசதியுள்ளவர்கள் சேவையாகச் செய்கிறார்கள் என்பதற்காக அவரும் சும்மா செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2. வராதவர்களின் பட்டியலை முதலில் போடுங்கள்

வரிசையில் நின்றவர்களை எண்ணினால் நிற்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும்தான் தெரியும். அதனால் பட்டியலை வீடு வீடாகப் போய்ப் போடுங்கள், ஊரின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் பொழுது சாய்கிற நேரத்தில்தான் கடைசித் தெருவுக்குப் போவீர்கள், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று திரும்பிவிடுவீர்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், கிராம சுகாதார செவிலியர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் ஆகியோரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "யார் பேரு உங்க நோட்டுல இல்ல?" இருக்கிற பெயர்களைக் கேட்டால் பதிவேட்டை நீட்டுவார்கள், இல்லாததைக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். விடியற்காலை அல்லது இரவு ஏழுக்கு மேல் போங்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பொங்கல் கழிந்து கிளம்பினால் ஜூன், ஜூலை மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள், மார்ச்சில் எடுக்கிற கணக்கில் அவர்கள் வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டை 'ஆளில்லை' என்று அடித்துவிடாமல், எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு எழுதுங்கள். சூளைக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

3. "கார்டு இருக்கா?" என்று கேட்காதீர்கள்

இந்தக் கேள்விக்கு எல்லோரும் 'இருக்கு' என்பார்கள், நீங்களும் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். "பாட்டி, அட்டையை ஒருதரம் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். அங்கேதான் கதை வெளியே வரும். அட்டை சேட்டுக் கடையில் அடகில் இருக்கும், சூளை மேஸ்திரி முன்பணத்துக்கு ஈடாக வாங்கி வைத்திருப்பார், அல்லது மகன் வீட்டில் இருக்கும், அரிசியும் அங்கேயே இறங்கும், பாட்டி இங்கே தனியாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார். அட்டையின்படி பார்த்தால் அது நான்கு பேர் உள்ள, மாதாமாதம் பொருள் வாங்கும் குடும்பம், குறையே இல்லை.

அட்டை கையில் கிடைத்ததும் இரண்டைப் பாருங்கள். யார் யார் பெயர் இருக்கிறது, அட்டையில் என்ன குறியீடு அச்சாகியிருக்கிறது. பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, அதாவது மிக வறிய குடும்பங்களுக்கானது, மாதம் 35 கிலோ அரிசி. பிஎச்எச் முன்னுரிமைக் குடும்பம். என்பிஎச்எச் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டை. கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, என்சி இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது, முகவரிக்கு மட்டும்தான். விதவைப் பெண் தனியாக வாழும் வீட்டில் என்பிஎச்எச் இருப்பதும், மாடி வீட்டில் பிஎச்எச் இருப்பதும் எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

அப்புறம் வீட்டுக்குள் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், ஆண்கள் எதிரில் வேண்டாம். அரிசி வருகிற வீட்டிலும் மருமகளும் மாமியாரும் ரசத்தோடு முடித்துக்கொள்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

4. காரணத்தைப் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காரணம் வேண்டும். 'ஏழை' என்பது காரணம் ஆகாது, அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. அட்டையே இல்லை, அட்டை உண்டு ஆனால் இவர் பெயர் இல்லை, அட்டை வகை தப்பு, கைரேகை விழவில்லை, கடைக்கு நடக்க முடியவில்லை, கடை திறக்கும் நேரத்தில் வேலையில் இருக்கிறார், கடையில் பேசுகிற பேச்சுக்குப் பயந்து போவதில்லை, பொருள் வருகிறது ஆனால் சமைக்க விறகோ கேஸோ இல்லை. பெரும்பாலான வீடுகள் இந்த எட்டுக்குள் அடங்கிவிடும், சில வீட்டில் இரண்டு மூன்று சேர்ந்து இருக்கும்.

இப்படிப் பிரித்தால்தான் ஒரே பொட்டலத்தை எல்லோருக்கும் கொடுப்பது எவ்வளவு வீண் என்று தெரியும். நடக்க முடியாதவருக்கு வேண்டியது ஆள், விறகில்லாதவருக்கு வேண்டியது சமைத்த சாப்பாடு, பெயர் இல்லாதவருக்கு வேண்டியது தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே வரும் துணை. மூன்று பேருக்கும் ஐந்து கிலோ அரிசி கொடுத்தால் கணக்கு நோட்டு அழகாக இருக்கும்.

5. முடிவெடுக்கிற இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள்

யாருக்கு முதலில், என்ன பொருள், எங்கே வைத்துக் கொடுப்பது, யார் சமைப்பது, இந்த நான்கையும் வாங்குகிறவர்களில் பாதிப்பேராவது இருக்கிற கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்பதே பாதி முடிவு. ஊர்க் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் வெளியே நிற்பார்கள். கூட்டத்தைக் காலனியிலேயே வைத்தால் ஊர்த்தெருவிலிருந்து சிலர் வராமல் போகலாம், போகட்டும். யார் வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

சமையல் விஷயத்தில் முன்கூட்டியே உறுதியாக இருங்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சிலர் தடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது. அரசுப் பள்ளியிலேயே இப்படி என்றால் நீங்கள் நடத்தும் சமையலிலும் யாராவது வந்து, "அவங்க சமைச்சா எங்க ஆளுங்க சாப்பிட மாட்டாங்க, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க தம்பி" என்று தன்மையாகத்தான் சொல்வார்கள். சமையல்காரரை மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் அடுத்து தனிப் பந்தி கேட்பார்கள்.

6. தாள் வேலை: வரிசை மாறினால் மாதக்கணக்கில் இழுக்கும்

பலரும் நேராக இ-சேவை மையத்துக்குப் போய்ப் புது அட்டைக்கு விண்ணப்பித்துவிடுவார்கள், பத்து நாளில் நிராகரிப்பு வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அவர் பெயர் வேறொரு அட்டையில் இருக்கிறது. அதனால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஆதார். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண் தொலைந்திருந்தால் ஓடிபி வராது, அதற்குமேல் ஒன்றும் நகராது.

இரண்டாவது, பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கம். கணவரைப் பிரிந்த பெண்களும், வீட்டைவிட்டு வந்த திருநங்கைகளும் சிக்குவது இங்கேதான். ஆன்லைனில் நீக்கப் போனால் ஓடிபி குடும்பத் தலைவரின் போனுக்குப் போகும், எந்த வீட்டை விட்டு வந்தாரோ அந்த வீட்டில்தான் போய்க் கெஞ்ச வேண்டும். அவரை அங்கே அனுப்பாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கு (தாலுகாவில் ரேஷன் அட்டைகளைக் கவனிக்கும் அதிகாரி) எழுத்து மூலமாக மனு கொடுத்து, தனியாக வாழ்கிறார், தனிச் சமையல், நேரில் விசாரித்துப் பெயரை நீக்கித் தனி அட்டை தரவும் என்று கேளுங்கள். விவாகரத்துத் தாள் கொண்டுவா என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி இடத்தில் அதற்குப் பிறகு பேச்சு மாறும்.

திருநங்கைகளுக்குப் பெயரும் பாலினமும் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டால் மற்றதை அதை வைத்துத் திருத்தலாம். முதலில் வந்த விதிப்படி சுய உறுதிமொழியே போதுமானதாக இருந்தது, இப்போது என்ன கேட்கிறார்கள் என்று விண்ணப்பிக்கும் முன் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முகவரி. வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் தரமாட்டார், புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு வீட்டு வரி ரசீது இருக்காது. மின் இணைப்பு, கேஸ் ரசீது, வங்கிப் புத்தகம் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரை நேரில் அழைத்துவந்து இடத்தைக் காட்டுவதுதான் வழி. பத்துப் பதினைந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் அழைத்து வாருங்கள், தனித்தனியாக அழைத்தால் அவர் வரமாட்டார்.

இதெல்லாம் ஆன பிறகுதான் விண்ணப்பம். குடும்பத் தலைவராகப் பெண் பெயரைப் போடுங்கள், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 13-ஆம் பிரிவே வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணைத்தான் தலைவர் என்கிறது. ஒப்புகை எண்ணை உங்கள் நோட்டிலும் அவர் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். சுவரில் எழுதுவது விளையாட்டில்லை, தாள் மழையில் போய்விடும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவில் நடக்கும் பொது விநியோகத் திட்ட குறைதீர் முகாமை விடாதீர்கள். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம், கைபேசி எண் பதிவு எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். எந்தக் கிராமத்தில் என்பது மாதாமாதம் மாறும், முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

அட்டைக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. பொங்கல் பரிசும் அப்படியே, மகளிர் உரிமைத்தொகைக்கும் குடும்ப அட்டைதான் அடிப்படை. அட்டை இல்லாதவர் அரிசியோடு நிற்காமல் எல்லாவற்றையும் இழக்கிறார்.

7. வெளிமாநிலத் தொழிலாளர்கள்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்குப் புது அட்டை வாங்கித் தர முயல வேண்டாம். சொந்த ஊர் அட்டை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருந்து ஆதாரும் இணைந்திருந்தால், 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். ஊரில் இருக்கும் குடும்பம் ஒரு பங்கையும் இவர் இங்கே தன் பங்கையும் பிரித்து எடுக்கலாம், இது அவர்களில் பலருக்குத் தெரியாது. தமிழக அரசு தரும் பருப்பு, பாமாயில், சர்க்கரை இதில் வராது, முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடையில் சண்டை வரும்.

கடையில் 'உங்களுக்கு இங்க கிடையாது' என்று திருப்பி அனுப்பினால் கூடவே ஒருவர் போய் நின்று இந்தியில் கேட்டு, தமிழில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை மிஷினில் பில் விழுந்துவிட்டால் அடுத்த மாதம் அவர்களே போய்க்கொள்வார்கள்.

குழந்தைகளை மறக்காதீர்கள். அங்கன்வாடிக்கு ரேஷன் அட்டை தேவையில்லை. ஆறு வயதுக்குள் 40 குழந்தைகள் இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. சூளையிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் குழந்தைகளை எண்ணி, கையெழுத்து வாங்கி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள்.

8. அட்டை வரும்வரை: இடைக்கால உணவு

நீங்கள் வாங்கி வைத்த அரிசி இதற்குத்தான். 4-ஆம் படியில் எழுதிய காரணத்தைப் பார்த்துக் கொடுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் எதுவரை என்று நாளைக் குறித்து. நாள் குறிக்காமல் கொடுத்தால் தாள் வேலை தூங்கிவிடும், உங்கள் கையிருப்பும் தீர்ந்துவிடும்.

என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். புழுங்கலரிசி சாப்பிடும் வீட்டுக்குப் பச்சரிசி கொடுத்தால் அது மாவுக்கோ விற்பனைக்கோ போகும். வடக்கிலிருந்து வந்தவர்கள் கோதுமை மாவு கேட்பார்கள். முட்டையும் கருவாடும் மிக மலிவான புரதம், 'நாங்கள் சைவம் மட்டும்தான் கொடுப்போம்' என்று கொடுப்பவர் தன் வழக்கத்தை வாங்குபவர் தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கரை நோயாளிக்கும் பல்லில்லாத முதியவருக்கும் தனியாக யோசியுங்கள், பல்லில்லாதவருக்கு ராகி மாவும் உடைத்த அரிசியும் உதவும்.

போட்டோ வேண்டாம். நன்கொடையாளர் கேட்டால் மூட்டையை, ரசீதைப் படமெடுத்து அனுப்புங்கள். கையேந்தும் படம் வாட்சப்பில் சுற்றியபின் அந்தத் தெருவில் மானமுள்ளவர் யாரும் உங்களிடம் வாங்கமாட்டார், உண்மையில் தேவைப்படுகிறவர் பலரும் அவர்களில்தான் இருப்பார்கள்.

9. கைரேகை, நடை, நேரம்

செங்கல் அறுத்தவர், பாத்திரம் தேய்ப்பவர், முதியவர், இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கடையில் பார்த்தால் தெரியும்: கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி, மறுபடி அழுத்தி, மிஷின் மறுபடி சிவப்பு காட்டி, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கண் கருவிழி, ஓடிபி என மாற்று வழிகளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு யார் ரேகை விழுகிறதோ அவரை அனுப்பலாம். 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகாவில் ஆதார் இணைக்காத அட்டை நீக்கப்பட்ட வீட்டில் ஒரு சிறுமி இறந்த பிறகு, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. இதை விற்பனையாளரிடம் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள், மிஷினுக்கும் வரிசைக்கும் நடுவில் அவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைக்கு வரவே முடியாதவர்களுக்கு இரண்டு வழி. இரண்டாம் சனிக்கிழமை முகாமில் அங்கீகாரச் சான்று வாங்கி வேறொருவரை அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வரும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அங்கீகாரச் சான்றில் யாரை நியமிப்பது என்பதை அந்த முதியவரே சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்று நீங்களே தீர்மானித்தால், பாதி எண்ணெய் அங்கே நின்றுவிடலாம்.

10. மனுவுக்கு மேல் மனு

வாய்ச்சொல்லால் ஒன்றும் பதிவாகாது. முதலில் ரேஷன் உதவி எண்ணான 1967 அல்லது 1800 425 5901-க்குப் புகார், அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வட்ட வழங்கல் அலுவலர். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கும் மேலே மாநில உணவு ஆணையம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் அமைந்தது. படியைத் தாண்டிக் குதித்தால் மனு மறுபடி கீழேதான் வரும், நாலு வாரம் வீண்.

மனுவில் பத்துப் பெயரை ஒன்றாகப் போடாதீர்கள். ஒருவருக்கு ஒரு மனு, ஒரு பிரச்சினை, கூட்டமாகப் போய்த் தனித்தனியாகக் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பேருக்கு முடித்துவிட்டு மொத்தத்துக்கும் 'தீர்வு காணப்பட்டது' என்று மூடிவிடுவார்கள்.

வாங்காத பொருளுக்கு பில் போட்டதாக எஸ்எம்எஸ் வந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. போன் மகனுடையது என்றால் எஸ்எம்எஸ்ஸும் மகனுக்குத்தான் போகும். எண்ணை மாற்றுவதையும் முகாம் நாளில் முடித்துவிடுங்கள்.

11. மூன்று மாதம் கழித்து

எத்தனை கிலோ கொடுத்தோம் என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, முதல் நோட்டில் இருந்த பெயர்களை எடுத்து மறுபடி கடைசி வீட்டிலிருந்தே நடங்கள். போன மாதம் அவர் கைக்குப் பொருள் வந்ததா, யார் வாங்கினார், என்ன பேசினார்கள், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். அட்டை வந்தும் பொருள் வராத வீடு கட்டாயம் இருக்கும், அதன் காரணத்தை மாற்றி எழுதுங்கள். செத்தவர், ஊர் மாறியவர், புதிதாகக் கைவிடப்பட்டவர் என்று பட்டியலும் மாறியிருக்கும். சூளைக்குப் போன குடும்பங்களை ஜூலையில் தனியாக ஒருமுறை பாருங்கள், அப்போதுதான் அட்டையை மேஸ்திரியிடமிருந்து திருப்பி வாங்கினார்களா என்று தெரியும்.